நெஞ்சில் ஒட்டிய வில்லைகள்

என் அக்கா தேயிலை மலையில் விழுந்து விழுந்து எழும்புகிறாள் என்ற செய்தி மொனராகலையில் வைத்து எனக்குக் கிடைத்தது. அப்போது கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் லொறி கிளீனர். அதற்கும் முன்னால் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவு பிசைந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எங்கேயும் நிலையாக இருந்ததில்லை. ஓர் இடத்தில் நாலு பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிட்டால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும்.

செய்தி சொன்னவன் மடுல்சீமைப் பக்கத்து ஆள். ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்திருந்தான்.

"ஒங்கக்கா கூடையோட சாயுதுப்பா. தண்ணி தெளிச்சா எந்திரிச்சு ஒக்காந்துக்கிது. அப்பறம் அதுபாட்டுக்குக் கொழுந்து எடுக்குது."

"எத்தன தடவ விழுந்துச்சு?"

"யாரு எண்ணுனா? மலைல எல்லாருக்கும் பழகிருச்சு."

அந்தப் 'பழகிருச்சு'தான் என்னைப் பஸ் ஏற வைத்தது.

அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். நிழல் மரத்துக்குக் கிளை வெட்டப் போன மச்சான், மரத்திலிருந்து விழுந்து செத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தோட்டம் கொடுத்து அவர்கள் இருந்த ஒற்றை அறைக்கு, அந்த லயத்துக் காம்பராவுக்கு, அக்காவின் பெயர் ஒன்றுதான் பிடிமானம். தோட்டத்தில் ஒரு வீட்டிலிருந்து ஓர் ஆளாவது வேலைக்குப் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரை வெட்டிவிட்டால் மறுநாளே வெளியே போகச் சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்த காற்றுக்குக் கூரைத் தகரம் பறந்தால் அடித்துக் கொடுக்க ஆள் வராது. பிறகு ஒருநாள் கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்று, வேலை செய்கிற ஆட்களுக்கே காம்பரா போதவில்லையே என்று பொதுவாகப் பேசுவார். அது எப்படி முடியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அக்கா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். கீழே பணிய லயத்தில் இருந்த ஒருத்தியைக் கொண்டுபோய் நெஞ்சைப் படம் பிடித்தார்களாம். படத்தில் என்னவோ தெரிந்ததாம். அவளுக்குப் பாரமில்லாத வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுக்க, தோட்டத்தில் அப்படி வேலையே இல்லை என்று சொல்லிப் பெயரை வெட்டிவிட்டார்களாம்.

"படம் பிடிக்கலேன்னா இன்னைக்கும் அவ மலையில நிப்பா" என்றாள் அக்கா.

"நின்னு என்ன பண்ணுவா? நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பா."

"சாவுற அன்னைக்கும் சம்பளத்துக்குப் பேர் போட்டிருப்பாங்கடா."

கடைசியில் அவளைக் கிளப்பியது மகள்தான். அம்மா வராமல் நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா எதற்கும் அசையமாட்டாள். மகளின் படிப்பு என்றால் அசைவாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் முதலில் சாதாரணமாக ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. டாக்டர் சிங்களவர், இளவயது, பொறுமையான ஆள். நான் ஊர் சுற்றிப் பொறுக்கிய சிங்களத்தில் அவர் சொன்னதை அக்காவுக்குச் சொன்னேன். நெஞ்சு துடிப்பது சில வேளை விட்டுவிட்டுப் போகிறது என்று அவர் சந்தேகப்பட்டார். படுக்க வைத்துப் பார்க்கும்போது அது ஒழுங்காகத்தான் அடிக்கும். விழுகிற நேரத்தில் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் கண்டிக்கு அனுப்பி, தோலுக்கு அடியில் சின்னதாக ஒரு பற்றரி வைத்துவிடலாம். நெஞ்சு நிற்கப் பார்க்கும்போது அது தட்டி எழுப்பும். இலவசமாகவே செய்வார்கள். ஆனால் எழுத்தில் அகப்படாமல் அனுப்ப முடியாது. அதற்காக ஒரு நாள் முழுக்க, துடிப்பை எழுதி வைக்கிற ஒரு பெட்டியை இடுப்பில் கட்டி விடுவோம், வீட்டுக்குப் போய் நாளைக்கு வழக்கமான வேலை எல்லாம் செய்துவிட்டு நாளை மறுநாள் வரட்டும் என்றார்.

பெட்டி கட்டிவிட்டவர் யாழ்ப்பாணத்துப் பெண். ஆஸ்பத்திரியில் எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். திரைக்குப் பின்னால் அக்காவை உட்கார வைத்திருந்தார். நான் வெளியே நின்றேன். சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, நெஞ்சில எண்ணெய் பூசினீங்களோ?"

"ஆமாங்க மிஸ். சூடமும் தேங்கா எண்ணையும். நெஞ்சு வலிக்கிமுன்னு மக தேச்சு விட்டுச்சு."

"எண்ணெய் இருந்தா இது ஒட்டாது. கொஞ்சம் உரஞ்சுவன், பொறுங்கோ."

"பொறுக்குறேங்க. நான் சட்டி தேய்க்கிறதும் இப்பிடித்தாங்க. கரி போவுதுங்களா?"

மிஸ் சிரித்துவிட்டார். ஸ்பிரிட் மணம் வெளியே வந்தது.

எனக்கு எதையும் பார்க்காமல் இருக்க முடியாது. வேலை முடிந்ததும், நெஞ்சில் ஒட்டுகிற வில்லை ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய நுரைப்பஞ்சு வட்டம். முதுகில் சட்டைப் பொத்தான் போல ஒரு உலோகக் குமிழ். அதில்தான் வயரைக் கொளுவுவார்கள். முன்பக்கத்துத் தாளை உரித்தால் நடுவில் தெளிவான களி. விரல் வைத்துப் பார்த்தேன். அரை வேக்காட்டு முட்டையின் வெள்ளைக்கரு மாதிரிக் குளிர்ந்து, மெல்லப் பிடித்தது. எடுத்தபோது விரலில் எதையும் விட்டு வைக்கவில்லை.

வெளிநாட்டு வேலைக்கென்று தொண்ணூறுகளில் கொழும்பில் ஒரு இடத்தில் என்னையும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். அப்போது வெள்ளைப் பசையைப் பூசி, ரப்பர்க் குமிழ்களை அமுக்கி நெஞ்சில் விட்டார்கள். எடுத்த பிறகு அட்டை கடித்த மாதிரி வட்டம் வட்டமாகச் சிவந்திருந்தது. அந்த வேலையும் கிடைக்கவில்லை.

"இந்தக் களிக்குள்ள தண்ணியும் உப்பும் இருக்கு" என்று மிஸ் சொன்னார். "நெஞ்சு அடிக்கேக்க தோல் வரைக்கும் சின்னக் கரண்ட் வரும். காஞ்ச தோல் அதை விடாது. இது ஈரமா ஒட்டிக்கொண்டிருந்தாத்தான் பெட்டிக்குப் போகும். விளங்குதோ?" பிறகு அக்காவைப் பார்த்து, "குளிக்கக் கூடாது. மற்றபடி நாளைக்கு மலைக்குப் போங்கோ, கொழுந்து எடுங்கோ, விறகு தூக்குங்கோ. தலை சுத்தினா இந்தப் பொத்தானை அமத்துங்கோ. ஒண்டையும் விடக் கூடாது."

"சரிங்க மிஸ்" என்று அக்கா நன்றாகத் தலையாட்டினாள். "ஒன்னும் கழராமக் கொண்டாந்து ஒப்படைக்கிறேங்க."

திரும்பும் வழியில், பசறை வருவதற்கு முன்பே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் அவள் இருக்கையில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் பெரட்டுச் சத்தம் கேட்டது. வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் கங்காணி கத்துவது லயம் வரை வரும். அக்கா எழும்பவில்லை. முகம் கழுவி, தலை வாரி, திருநாளுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். கைகள் இரண்டும் பக்கத்தில். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? மலைக்குப் போகல?"

"சத்தம் போடாத. பெட்டி எழுதிக்கிட்டு இருக்கு."

இதை வெளியாட்களுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். தோட்டத்துக்குப் பெரிய துரை வருகிறார் என்றால் ஒரு கிழமைக்கு முன்பே லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாக்கடைக் கானில் கிடக்கும் குப்பையை வாருவார்கள். மூக்கொழுகுகிற பிள்ளைகளை உள்ளே போட்டுப் பூட்டுவார்கள். துரை கேட்டால் குறை ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். குறை சொன்னவன் வீட்டுக்குத்தான் பிறகு குறை வரும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள் அக்கா. இடுப்பில் இருந்த பெட்டி அவளுக்கு மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த ஆள். அது இருக்கும் வரைக்கும் அவளுடைய நெஞ்சு சுத்தமாக, ஒழுங்காக, மரியாதையாக இருக்க வேண்டும்.

"அக்கா, நீ விழணும். அதுக்குத்தான் கட்டிவிட்டாங்க. விழுந்தாத்தான் பற்றரி வைப்பாங்க."

"பற்றரி வச்ச பொம்பளைக்கு எந்தக் கங்காணிடா பேர் போடுவான்?"

"உசிரு இருக்குமே."

"உசிர வச்சுக்கிட்டு எங்க குந்துறது? ஒன் மொனராகலைக் கரும்புக் காட்டுலயா?" அவள் தலையைத் திருப்பவே இல்லை. கூரையிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள். "ரெண்டு மாசம் ஒரு எடத்துல பேர் பதிஞ்சு இருந்ததில்ல. நீ வந்துட்ட பேருக்கு வெல சொல்ல."

மகள் சோற்றைக் குழைத்து வாயில் ஊட்டினாள். அதிகம் மென்றால் பெட்டி குலுங்கும் என்று அக்கா விழுங்கி விழுங்கிச் சாப்பிட்டாள். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மாமா, நீங்க எதாவது சொல்லி அம்மாவ வெரட்டி விடுங்க" என்றாள்.

நான் முயன்று பார்த்தேன். சிரிக்க வைத்தால் கொஞ்சமாவது எழும்புவாள் என்று, கொழும்பில் முதலாளிக்குப் பயந்து மாவுச் சட்டிக்குள் ஒளிந்த கதையைச் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபப்படுத்தலாம் என்று செத்த மச்சானைப் பற்றி ஒரு சொல் சொன்னேன். கண்ணோரம் தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை தூக்கவில்லை. அதற்குமேல் எனக்கு மனம் வரவில்லை. வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தேன். எதிர் மலையில் பெண்கள் நிரையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அக்கா எந்த இடத்தில் விழுவாள் என்று மகள் விரல் நீட்டிக் காட்டினாள். செங்குத்தான ஏற்றம், பாறைக்குப் பக்கத்தில்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மிஸ் வில்லைகளை உரித்துக்கொண்டே ஆச்சரியப்பட்டார்.

"ஒண்டும் கழரேல்லை. வேர்வைகூடப் படேல்லை. எனக்கு இப்பிடி ஒருத்தரும் கொண்டு வந்து தந்ததில்லை அம்மா. நீங்கள் கெட்டிக்காரி."

அக்கா முகத்தில் அப்படி ஒரு பெருமை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள் மாதிரி என்னைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடமே போனதில்லை.

"மிஸ், அது நேத்து முழுக்கப் படுத்தே கெடந்துச்சு" என்று சொன்னேன்.

மிஸ்ஸின் கை நின்றது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"ஏனம்மா? நான் சொன்னனான் எல்லோ?"

"அவன் கெடக்கான் மிஸ். ஊர் சுத்துறவன். நான் நல்லாத்தாங்க இருக்கேன். பெட்டில என்ன எழுதியிருக்குன்னு பாருங்களேன்."

பெட்டியில் எழுதியிருந்தது நல்ல நெஞ்சு. டாக்டர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். குறை ஏதும் அகப்படவில்லை, ஆனால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, திரும்பவும் கட்ட வேண்டும், அதுவரைக்கும் பாரம் தூக்காமல் இருக்கட்டும் என்றார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அக்கா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

திரும்பவும் எப்போது என்று மிஸ்ஸிடம் கேட்டேன். பெட்டி இருக்கிறது, வில்லைகள்தான் முடிந்துவிட்டன என்றார். கொழும்பிலிருந்து வர வேண்டும். வருகிறபோது முன்னால் நிற்கிறவர்களுக்குப் போக, அக்காவின் முறை சில மாதம் தள்ளி வந்தது.

வரும் வழியில் பசறையில் பஸ் நின்றபோது அக்கா வடை வாங்கித் தின்றாள். லயத்துக்கு வந்ததும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "பெட்டி கட்டிப் பாத்தாச்சு, ஒன்னுமில்லையாம்" என்று சொன்னாள். கங்காணி நல்ல மனுசர். அவள் விழத் தொடங்கிய பிறகு கொஞ்ச நாளாக ரோட்டோரத்துச் சமதரையிலேயே அவளுக்குக் கொழுந்து எடுக்க நிரை கொடுத்து வந்திருந்தார். அவரிடமும் தானே போய்ச் சொன்னாள்.

"கங்காணி ஐயா, இனி எனக்கு மேல நிரையே குடுங்க. ரோட்டுக்கிட்ட கொழுந்து முத்திப் போயிக் கெடக்கு."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டரு சொல்லல, பெட்டியே சொல்லிருச்சுங்க."

கங்காணி சிரித்துவிட்டு மேல் நிரையைக் கொடுத்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்?

நான் மொனராகலைக்குத் திரும்பிவிட்டேன். அங்கே இருந்தபடியே அந்த வில்லைகளைத் தேடினேன். பதுளையில் எந்த மருந்துக் கடையிலும் இல்லை. லொறிக்காரன் ஒருவன் கண்டியிலிருந்து ஒரு பக்கற் வாங்கி வந்தான். ஓரம் கிழிந்திருந்ததால் கடைக்காரன் குறைத்துக் கொடுத்தானாம். அதை எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் ஒன்றை உரித்து விரலால் தட்டினார். களி இருந்த இடத்தில் மீன் செதில் மாதிரி ஏதோ மினுங்கியது.

"காஞ்சு போச்சு தம்பி. காத்துப் பட்டா இது செத்துப் போகும்."

"தண்ணி தொட்டு வச்சா?"

"பிரியோசனம் இல்லை. நெஞ்சு அடிக்கிறதும் தெரியாது, நிக்கிறதும் தெரியாது. சட்டை உரசுறதுதான் வரும்."

அந்தப் பக்கற்றை ஆஸ்பத்திரி வாசலில் குப்பைத் தொட்டியில் போட்டேன். இன்னொன்று தேடிக் கண்டிக்கே போகலாம் என்று நினைத்தேன். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

அக்கா விழுந்தது காலை வேளையில், கூடை பாதிகூட நிறையாதபோது. அவளுக்குப் பக்கத்து நிரையில் நின்றவள் பிறகு என்னிடம் சொன்னாள். தண்ணீர் தெளித்தார்களாம். எழும்பவில்லை. மழைக்குப் போடுகிற ரப்பர்ச் சீலையை மேலே போர்த்திவிட்டு, எழும்பட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்களாம். சிலர் கொழுந்தும் பறித்தார்களாம், நேரம் போகாமல். "எப்பவும் எந்திரிச்சிரும்ங்க. அன்னைக்கும் எந்திரிச்சிருமுன்னுதாங்க நெனச்சோம்." அவள் அழவில்லை. நடந்ததைச் சொன்னாள். லொறி மேலே ஏறி வர முடியாதபடி பாதை சறுக்கியது. நாலு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

கடைக்காரர் ஒருவரின் போனுக்குச் செய்தி வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது குழி வெட்டி முடித்திருந்தார்கள். மண் ஈரம். போட்ட மண் தானாகச் சரிந்து உள்ளே போனது.

அதற்குப் பிறகு நடந்தது நீங்களே ஊகிக்கக்கூடியதுதான். மகள் பரீட்சை எழுதவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் தோட்டத்தில் அவள் பெயரைப் பதிந்துகொண்டார்கள். கணக்கப்பிள்ளை வாசலுக்கு வரவேயில்லை. நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன், நீ படி என்று சொன்னேன். "நீங்க எத்தன நாளைக்கு மாமா இருப்பீங்க?" என்று கேட்டாள். குத்திக் காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அக்காவின் முறை வந்த நாளில் நான் பதுளையில் நின்றேன். வேலை எதுவும் இல்லை. ஆள் வராது என்றாவது சொல்லிவிடலாம் என்று உள்ளே போனேன். வில்லைகள் வந்திருந்தன. மேசையில் பக்கற் பக்கற்றாக அடுக்கியிருந்தார்கள். மிஸ் என்னைக் கண்டதும், "அம்மா எங்க?" என்றார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கையில் இருந்த பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெளியே எட்டி, மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த ஒரு கிழவரைக் கூப்பிட்டார்.

கிழவர் திரைக்குப் பின்னாலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். சட்டைக்குக் கீழே வயர் புடைத்துத் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"எந்தப் பக்கமுங்க?"

"கொஸ்லந்தங்க. தோட்டத்துக் காவக்காரன்."

"இன்னம் பேர் பதிவுல இருக்கா?"

"இருக்குங்க. அதக் காப்பாத்தத்தான இம்புட்டுத் தூரம்."

"ஐயா, வீட்டுக்குப் போய்ப் படுத்துறாதீங்க. நடங்க. மலை ஏறுங்க. மூச்சு வாங்குனா வாங்கட்டும். விழுந்தாலும் விழுங்க. அப்பத்தான் டாக்டருக்குத் தெரியும். பெட்டிகிட்ட மரியாத காட்டாதீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குடித்திருக்கிறேனா என்று மோந்து பார்த்த மாதிரி இருந்தது.

"சரிங்க தம்பி. மிஸ்ஸும் அதாங்க சொன்னாங்க" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் நிலையத்துக்கு அவருக்குப் பின்னாலேயே நடந்தேன். அவர் நிறைந்த குடம் சுமப்பவர் போல அடி எடுத்து வைத்தார். உள்ளங்கையை விரித்துச் சட்டைக்கு மேலே நெஞ்சில் பொத்தியிருந்தார். கடை வாசலில் யாரோ இடிக்க வந்தபோது சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். பஸ்ஸில் ஏறியதும், நெஞ்சுக்குப் பெட்டி கட்டியிருக்கிறது, குலுங்காத சீட் வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டார். கண்டக்டர் முன்னால் இருந்த ஒருவனை எழுப்பி அந்த இடத்தைக் கொடுத்தான்.